ரோஸ் போட்டு

ராயப்பேட்டையில் கார்களுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நான். வண்டியை எடுக்க வருகிறவர் பானெட்டில் குனிந்து தலை சீவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. அந்தத் திமிரால்தான் ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். பட்டினப்பாக்கம் கரையில் கட்டுமரங்களுக்கு நடுவே ஃபைபர் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த என் தோஸ்து, யாரோ ஓட்டித் தள்ளிய பழைய போட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தான். ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாம். வெயில் குடித்துக் குடித்து ரோஸ் மில்க் கலருக்கு வந்திருந்தது. கை வைத்தால் மாவு மாவாக ஒட்டும்.

அவனுக்கு ஒரு பெண்மேல் உயிர். அவளுக்கும் அப்படியே. ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பம். சம்பந்தம் பேச வந்த அவள் அப்பா, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே கரைக்குப் போய் போட்டின்மேல் விரலை ஓட்டினார். விரல் வெள்ளையானது.

“இன்னா இது, பவுடர் பூசிக்கினு கீது? போட்டையே ஒயுங்கா வச்சிக்கத் தெரில, எம்பொண்ண எப்டி வச்சிப்பான்?”

அன்றிலிருந்து அவர் வாயில் என் தோஸ்துக்குப் பெயரே கிடையாது. எங்கே பார்த்தாலும் “யோவ் ரோஸ் போட்டு”தான். மகள் இரண்டு நாள் பட்டினி கிடந்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொரு தடவை பார்க்கிறேன், அதோடு பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தால், வாசலில் இவன் நிற்கிறான். கண்ணெல்லாம் தண்ணீர்.

“பாய், ரெண்டு நாள்ல பெயிண்ட் அடிச்சிக் குடு பாய்.”

எனக்கு வந்ததே கோபம்! “பெயிண்ட்டா? யார்கிட்ட வந்து இன்னா பேசற? மேல தோலுதான்டா செத்துப்போச்சி, கய்தே! உள்ள செவப்பு உசுரோட கீது.”

கரையில் கரண்ட் ஏது, மெஷின் ஏது? கைதான். உள்ளங்கை அளவு இடத்தில் தண்ணீர் ஊற்றி, நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். ரோஸ் நிறத்தில் பால் வழிந்தது. துடைத்து, காம்பவுண்ட் என்கிற பாலீஷ் பசையைத் தடவி, பனியன் துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். அல்லாவே, அந்தச் சிவப்பு! அப்போதுதான் வெட்டிய தர்பூசணி மாதிரி எட்டிப் பார்த்தது. இவன் என்னைத் தூக்கிக்கொண்டு அலை வரைக்கும் ஓடிவிட்டான். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்து எழுந்தோம்.

அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் வரை தேய்த்தோம், தேய்த்தோம், அப்படித் தேய்த்தோம். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. வெளிப்பக்கம் முழுக்க மெழுகு ஏற்றியதும் அவன் முடிவெட்டிக்கொள்ளப் போனான். டப்பாவில் மெழுகு மீதி இருந்தது. உள்ளே பார்த்தேன். தரை சொரசொரவென்று வெளுத்துக் கிடந்தது. காரில் டேஷ்போர்டை விட்டுவிட்டு வெளியே மட்டும் பளபளப்பாக்கினால் அது ஒரு வேலையா? இறங்கினேன். அதையும் தேய்த்து வழவழப்பாக்கி, டப்பா காலியாகும் வரை மெழுகு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அவனிடம் சொல்லவில்லை, சர்ப்ரைஸ்!

ஞாயிறு காலை பெரியவர் தன் அக்காவோடு வந்தார். வெயில் பட்டு போட்டு தகதகவென்று நின்றது. பக்கத்தில் போனார், குனிந்தார், தன் மீசையைப் பார்த்தார், முறுக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காருக்குள் எவனும் நிற்பதில்லை.

கால் விர்ரென்று போயிற்று. உட்கார்ந்தவாக்கில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டே போனார். எழுந்தார், மறுபடியும் விழுந்தார். தூக்கிவிடக் குதித்தான் என் தோஸ்து. அவனும் மல்லாந்து, வழுக்கிக்கொண்டே அவர் காலடியில் போய்ச் சேர்ந்தான். குப்பமே கூடிவிட்டது. போச்சு, ஒரு பெண்ணின் வாழ்க்கையை மெழுகிவிட்டோம்.

பெரியவர் கத்தினார்: “டேய் மாப்ள, இன்னா எயவுடா தடவி வச்சிக்கிற?”

மாப்ள என்பது எங்கள் பக்கம் யாரும் யாரையும் கூப்பிடுகிற சொல்தான். டீக்கடையில் நானே தினமும் பத்துப் பேருக்கு மாப்ள. ஆனால் அவர் அக்கா விடவில்லை. கையைத் தட்டிக் குதித்தாள்.

“சொல்ட்டான்! மாப்ளன்னு சொல்ட்டான்! அல்லாரும் கேட்டுக்கினீங்களா?”

“அது... சும்மா வாய்ல வந்துட்ச்சிக்கா.”

“வந்தது வந்ததுதான். காலுதான் வயுக்கும், வாய் வயுக்காது!”

கரையே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“யோவ் பாய், மண்ண அள்ளிப்போட்டுத் தேய்யா இத்த. நாளைக்கி எம்மாப்ள இதுல நின்னுக்கினு வல வுடணும்.”

நான் போட்ட பாலீஷை நானே மண் போட்டுக் கெடுத்தது அந்த ஒரு தடவைதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே தேய்த்தேன்.