சிவாஜினியின் தொண்டையும் கோகோவின் தோலும்

ரொக்ஸ்பரோவில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் சிவாஜினிக்குப் பாம்பைப் படத்தில் பார்க்கவும் பிடிக்காது. அவளுடைய கணவன் றஜிந்தன் ஒருநாள் கண்ணாடிப் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே மலைப்பாம்புக் குட்டி என்று தெரிந்ததும் அவள் வாசலிலேயே மறித்தாள். கூட வேலை செய்தவன் வன்கூவருக்குப் போகிறானாம், கொண்டுபோக வழியில்லையாம். நஞ்சில்லை, பெரிதாக வளராது, பெயர் கோகோ என்று றஜிந்தன் கெஞ்சினான். மேல்மாடிச் சின்ன அறையில் கதவைச் சாத்தி வைப்பது, அவள் அந்தப் பக்கமே போவதில்லை என்ற உடன்பாட்டோடு கோகோ வீட்டுக்குள் வந்தது.

தை பிறந்ததும் குளிருக்கு ஹீட்டர் ஓயாமல் ஓடியது. கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று கரண்ட் அடிக்கும் அளவுக்குக் காற்று காய்ந்துபோனது. கோகோ கழற்றிய தோல் முழுதாக வரவில்லை. கிழிந்த பொலித்தீன் போலத் துண்டு துண்டாக உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டிக்குள் இருந்த ஈரப்பதமானி முப்பதைக் காட்டியது. அறுபதுக்கு மேல் வேண்டும். பதறிப்போன றஜிந்தன் தண்ணீரை விசிறிக்கொண்டே இருந்தான். காற்றில் ஏறிய ஈரம் மேலே இருந்த வலைமூடி வழியாகப் போய்விட, கீழே விரித்த காகிதம் மட்டும் ஊறி நாறியது. மிருக வைத்தியர், காற்றுத்தான் ஈரமாக இருக்கவேண்டும், பாம்பு படுக்கிற இடம் நனையக் கூடாது, வயிறு புண்ணாகிவிடும் என்றார். ஒட்டியிருந்ததை உரிக்கவும் வேண்டாமாம். அடுத்தமுறை நன்றாகக் கழன்றால் அதோடு போய்விடுமாம்.

றஜிந்தன் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வலைமூடியை மறைத்தான். தேங்காய் மட்டையின் பொச்சுத் துண்டுகளைத் தடிப்பாகப் பரப்பி மூலைகளில் மட்டும் தண்ணீர் ஊற்றினான். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருந்தது. ஈரப்பாசி நிரப்பிய டப்பாவொன்றில் ஓட்டை வெட்டி, கோகோ புகுந்து கிடக்க உள்ளே வைத்தான். அறைக் காற்றை ஈரமாக்க ஒரு ஹியூமிடிஃபயரும் வந்தது.

அந்த நாட்களில்தான் சிவாஜினியின் தொண்டையும் கட்டிக்கொண்டது. மாசியில், தமிழர் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் கலைவிழா; அவள் பாடவேண்டும். மல்லித்தண்ணி குடித்தும் மேல்ஸ்தாயியில் குரல் உடைந்தது. ஒரு பிற்பகல் றஜிந்தன் வேலையிடத்திலிருந்து போன் எடுத்து, ஹியூமிடிஃபயருக்குத் தண்ணீர் விட மறந்துவிட்டதாக மன்றாடினான். அவள் பெட்டிப்பக்கம் பார்க்காமல் உள்ளே போய் நிரப்பினாள். வெளியேறப் போனவள் நின்றாள். மூச்சு இலகுவாக உள்ளே போனது. மெதுவாக ஒரு ஸ்வரம் பாடிப் பார்த்தாள். உடையவில்லை.

அடுத்த நாளிலிருந்து சுருதிப்பெட்டியோடு அங்கேயே போய், கோகோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாடினாள். கொஞ்ச நாளில் முதுகு பக்கவாட்டாகியது. பிறகு நேராகவே திரும்பிவிட்டாள். நேரத்தோடு வேலையால் வந்த றஜிந்தன் கதவைத் திறந்து திகைத்து நின்றான்.

“நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?”

“பாடுறன். கதவைச் சாத்துங்கோ, ஈரம் போகப்போகுது.”

கோகோவின் கண்கள் பால்போல வெளிறியதை முதலில் கண்டதும் அவள்தான். குருடாகிவிட்டதோ என்று கலங்கினாள். தோல் கழற்றப்போகிற அறிகுறி என்று றஜிந்தன் சொன்னபிறகு, அவனைவிட அவளே அடிக்கடி மானியைப் பார்த்தாள். ஒரு காலை, பாசி டப்பாவின் பக்கத்தில் காலுறையைப் புரட்டிக் கழற்றியதுபோல முழுத்தோலும் கிடந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுவதில்லை என்பதையும் மறந்து போன் எடுத்தாள்.

“முழுசாக் கழட்டிட்டுது. கண்ணுக்கு மேல இருந்த தோலும் வந்திருக்கு, வால் நுனியும் இருக்கு.”

“தொட்டுப் பாத்தீரோ?”

“ஓம். கையிலதான் வச்சிருக்கிறன். பட்டு மாதிரி இருக்கு.”

கலைவிழாவில் குரல் கடைசிவரை நின்றது. பிள்ளைகளின் குரலும் குளிரில் கட்டுவதால் சனிக்கிழமை வகுப்பை அவள் மேல்மாடிக்கே மாற்றினாள். இரண்டு தாய்மார் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும் கீழே வகுப்பு. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் மேலே விடச்சொல்லி இப்போது வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நச்சரிக்கிறார்களாம்.