குளிரில் விழுந்த இரண்டாம் கோடு

நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். கதவு உடைந்தது பிறகுதான். முதலில் அந்தப் பெண் வந்தாள்.

மார்கழிக் காலை. கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் அன்றும் முதல் வேலையாகக் கண்ட்ரோல் போடத் தொடங்கியிருந்தேன். கண்ட்ரோல் என்பது இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்றில் நோய் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த சீரம், மற்றதில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த சீரம். இரண்டையும் நோயாளியின் ரத்தத்தைப் போலவே சோதிக்க வேண்டும். சோதனைப் பட்டையில் உள்ளதற்கு இரண்டு கோடும் இல்லாததற்கு ஒரு கோடும் விழுந்தால்தான் அன்றைக்கு அந்தச் சோதனைக் கிட்டை நம்பலாம். எங்கள் ஊரில் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்குவது. பதினைந்து டிகிரிக்குக் கீழே சீரம் பட்டையில் ஏறாமல் திணறும். ‘அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும்’ என்று உறையில் அச்சடித்தவர்கள் எங்கள் அறையில் ஒரு மார்கழிகூட உட்கார்ந்ததில்லை.

வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது.

“வெள்ளனே வந்து கெடக்கோம். இந்தம்மா மனுசங்கள விட்டுட்டுக் குப்பியப் பாத்துக்கிட்டு இருக்கு.”

“குப்பிதானப்பா மொத டோக்கன் வாங்கிருக்கு. நம்ம எல்லாம் அதுக்கு அடுத்துதேன்.”

சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அவள் நின்றிருந்தாள். ஐந்து மாத வயிறு. இடது புருவம் பிளந்து, காய்ந்த ரத்தம் இமையின்மேல் கருப்பாக ஒட்டியிருந்தது. கழுத்தில் விரல்களின் தடம். கூட அவளுடைய அம்மா. உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவள் வாக்கப்பட்டது கவுஞ்சியில். கர்ப்பத்துக்காக டவுனில் ஒரு தனியார் லேபில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட சொல்லல. அவருகிட்ட.”

“எப்ப அடிச்சாரு?”

“சொன்ன அன்னைக்கு மம்பட்டிக் காம்பால. நேத்து வெறுங்கையால.”

“வயித்துல பட்டுச்சா?”

“குனிஞ்சுக்கிட்டேன்.”

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கா இல்லையான்னு மட்டும் சரியாச் சொல்லிரு தாயி. இருந்தாலும் எம்மகதேன். பண்ணைக்காட்டுல என் வீட்டுல வச்சு வைத்தியம் பாப்பேன். அந்தப் பய கையில மட்டும் இனி...”

“சும்மாரும்மா” என்றாள் மகள். என்னிடம், “ஒரே ஒரு தடவ, ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

அவள் சம்மதத்தைக் கேட்டு ரத்தம் எடுத்தேன். கை முழுக்கக் கன்றிப்போயிருந்ததால் நரம்பு கிடைக்கத் தாமதமானது. பிறகு கண்ட்ரோல் பக்கம் திரும்பினேன். நெகட்டிவ் சீரத்தைப் பட்டையில் சொட்டுவிட்டு நேரத்தைக் குறித்தேன். பாஸிட்டிவ் குப்பியைக் கையில் எடுத்தபோதுதான் கதவு உடைந்தது.

தாழ்ப்பாள் பறந்து என் காலடியில் விழுந்தது. அவள் கணவனும் அவனுடைய அண்ணனும்.  கணவன் நேராக வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். நாற்காலியோடு சேர்ந்து விழுந்தவளின் தோளில் மிதித்தான். அவள் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு சுருண்டாள். குறுக்கே போன அம்மாவை அண்ணன்காரன் நெஞ்சில் தள்ளினான். அவள் ஹீட்டர்மேல் விழ, அது சரிந்து கம்பி அறுந்து அணைந்தது.

“ஊர் ஊராப் போயி இல்லைன்னு எழுதி வாங்கலாம்னு பாக்குறியா?” என்றான் கணவன். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினான். “இந்தா பாரு. ரெண்டு கோடு. குருடிக்கும் தெரியும்.”

“அத அங்கயே வச்சிட்டு வெளிய போங்க” என்றேன்.

அண்ணன்காரன் என்னை அறைந்தான். மூக்குக்கண்ணாடி சுவரில் போய் அடித்தது. அடுத்து கண்ணாடிக் குழாய்கள் இருந்த தாங்கியை ஒரே வீச்சில் தரையில் இறக்கினான். அவளுடைய ரத்தம் இருந்த குழாயும் அதில்தான் இருந்தது. மூடி கழன்று, ரத்தம் கண்ணாடித் தூளோடு கலந்து ஓடியது. எல்லாரும் ஒரு நொடி அதையே பார்த்தோம். கணவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவளை மிதித்த அதே கால்.

அந்த ஒரு நொடியில் வார்டு ஊழியர் ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். எஸ்டேட்டில் மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பு அவருக்கு. “ஏலே, புள்ளத்தாச்சியடா! கை வைக்கிற கைய ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்” என்றார். பெஞ்சில் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் அண்ணனை வளைத்துக்கொண்டார்கள். அவன் ஒருவரின் காதைக் கடித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கண்ட்ரோல் குப்பிகளையும் புதிய கிட் உறைகளையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். நர்ஸும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு, அம்மா பின்னால் வர, பிரசவ அறைக்குள் போய்த் தாழிட்டோம். ஆஸ்பத்திரியிலேயே வெதுவெதுப்பான அறை அது. பிறந்த குழந்தைகளுக்காக அங்கே வார்மர் எரிந்துகொண்டே இருக்கும். ஆண்களும் உள்ளே வர மாட்டார்கள். அன்று அந்த விதியைத்தான் நான் எண்ணிப் பார்த்தேன், ஏனென்றால் கணவன் ஊழியரின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து அந்தக் கதவையும் உதைக்கத் தொடங்கியிருந்தான்.

நர்ஸ் அவள் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தாள். இரைச்சல், இரைச்சல், பிறகு குட்டிக் குதிரை ஓடுவது போல அந்தத் துடிப்பு. அம்மாக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“எடுத்த ரத்தம் கொட்டிப்போச்சு” என்றேன் மகளிடம்.

அவள் மற்றக் கையை நீட்டினாள்.

புதிய கிட் உறைகள் பனிக்கட்டி போலிருந்தன. வார்மருக்கு நேர்கீழே வைத்தால் வேகும். அம்மாவிடம் கொடுத்து, ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.  அவள் அடைகாப்பது போல ஒடுங்கி உட்கார்ந்தாள். வெளியே கதவில் உதை விழுந்தது.

“அக்கா, சீக்கிரம் இவ ரத்தத்தப் போட்டுப் பாத்துருங்க. கதவு தாங்காது” என்றாள் நர்ஸ்.

“மொதல்ல கண்ட்ரோல்.”

“இப்பவுமா?”

“இப்பத்தான்.”

அவளைச் சாகும்வரை அடிக்கப் போதுமான ஆதாரம் ஒருவன் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு எதிராக நான் சொல்லப்போகும் சொல்லின்மேல் எனக்கே சந்தேகம் இருக்கக் கூடாது. பாஸிட்டிவ் சீரம், நெகட்டிவ் சீரம், பிறகு அவள். மூன்று பட்டைகளையும் வரிசையாக வைத்தேன். மூன்று கம்பெனிக் கிட்டிலும் அப்படியே. ஒவ்வொரு உதைக்கும் தட்டு அதிர்ந்ததால் நர்ஸ் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணாடி இல்லை. குறித்த நேரத்தில் டாக்டரம்மா பின்வாசல் வழியாக வந்து பார்த்துத் தனியாக எழுதினார். நர்ஸ் பார்த்துத் தனியாக எழுதினாள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. இரண்டையும் வாங்கி நான் சேர்த்து வைத்தேன். நோய் உள்ள சீரத்துக்கு இரண்டு கோடு. இல்லாததற்கு ஒன்று. அவளுக்கு, மூன்று கிட்டிலும், ஒன்று.

டாக்டரம்மா அவளிடம் குனிந்து சொன்னார். மதுரைக்கும் ரத்த மாதிரி அனுப்புவோம், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம், ஆனால் இன்றைக்கு இந்த நோய் இல்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அழுதது நர்ஸ்தான்.

ஆய்வகத்தில் என் கண்ணாடியைத் தேடப் போனேன். ஒரு பக்கச் சில்லு மிஞ்சியிருந்தது. கதவு உடைந்த அறையில் பனி உள்ளே வந்து நின்றது. மேசையில், கலவரத்துக்கு முன் சொட்டுவிட்டு மறந்திருந்த அந்த நெகட்டிவ் கண்ட்ரோல் பட்டை அப்படியே கிடந்தது. ஒற்றைச் சில்லு வழியாகப் பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது மங்கல், ஆனால் கோடு. நோயே இல்லாத சீரத்தில், குளிரில் நேரம் கடந்து காய்ந்ததால் விழுந்த கோடு.

அந்தத் தனியார் லேபுக்குப் போன் போட்டேன். பேசியவர் மரியாதையானவர். “மேடம், இந்தக் குளிருக்குக் கோடு லேட்டாத்தான வரும்? சீசன் முடியுற வரைக்கும் நாங்க கூடக் கொஞ்சம் வச்சுத்தான் பாப்போம்” என்றார். குழம்பு கொதிக்கத் தாமதமாகும், துணி காயத் தாமதமாகும் என்பது போல. மலையில் எதையும் கொஞ்சம் கூட வைப்பது எல்லாருக்கும் பழக்கம்.

போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, ஜீப் இன்னும் வரவில்லை. பிடிபட்ட கணவன், அண்ணனும் பக்கத்தில் இருக்க, தாழ்வாரத்தில் ஊழியருக்கும் வேறு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். கதவை உதைத்து உதைத்துக் கால் வீங்கியிருந்தது. அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“நானே சொல்றேன்” என்றாள். அவனிடம், “இல்ல” என்றாள். அவ்வளவுதான்.

அவன் மறுபடி கவரை எடுத்தான். நான் என் பட்டையை அதன் பக்கத்தில் வைத்தேன். “இது இவங்க ரத்தமில்ல. நோயில்லாத குப்பிச் சீரம். இதுலயும் ரெண்டு கோடு. காஞ்ச பட்டை இப்படித்தான் சொல்லும்.” அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கவரைக் கசக்கிப் பெஞ்சுக்கடியில் போட்டான்.

“அப்ப ஒண்ணும் இல்லைல்ல?” என்று எழுந்தான். “சரி, வா. நம்ம ஊரு ஜீப்பு நிக்குது. கெழங்கு வெட்ட ஆளு காத்துக் கெடக்கும்.”

அவள் நகரவில்லை. “எனக்கு மூணு தடவ பாத்தாச்சு. உங்களுக்கு ஒரு தடவ பாக்கட்டும்.”

“எனக்கெதுக்குடி?”

“எனக்கெதுக்குப் பாத்தாங்களோ அதுக்குத்தேன். கைய நீட்டுங்க.”

அவன் கையை ஓங்கினான். ஊழியர் அதைப் பாதியிலேயே பிடித்து முறுக்கினார். எலும்பு நெரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. “என்னடா, ஊசின்னா பயமா?” என்று பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் கையை உருவி ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டான். மற்றக் கையையும். சம்மதம் இல்லாதவனின் ரத்தத்தை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன்காரன், அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவன், தரையைப் பார்த்தான். அவள் அந்த இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தாள், சற்று முன் அவன் பட்டைகளைப் பார்த்ததைப் போல.

“பாத்துக்கிட்டியாம்மா?” என்றாள். “வா.”

டாக்டரம்மா காயங்களை ஒவ்வொன்றாக எழுதிப் போலீஸுக்கு அனுப்பினார். புருவத்தில் தையல் போட்டார்கள். “நல்லவேளை, இல்லைன்னு வந்துச்சு” என்று நர்ஸ் சொன்னாள்.  இருக்கிறது என்று வந்திருந்தாலும் அந்தத் தையல் இதே நீளம்தான் இருந்திருக்கும்.

மத்தியானம், பண்ணைக்காடு பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஏறுவதை ஊழியர் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் தரையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, ஊறும்வரை காத்திருந்து, கண்ணாடித் தூளை இடுக்கியால் பொறுக்கினேன். பெஞ்சுக்கடியிலிருந்து அவனுடைய கவரையும் எடுத்துக் கழிவுக்கான சிவப்பு வாளியில் போட்டேன். பிறகு பெஞ்சில் காத்திருந்த அடுத்தவரைக் கூப்பிட்டேன். காதில் பஞ்சு ஒட்டியிருந்த மனிதர் எழுந்தார்.

“குப்பிக்கெல்லாம் பாத்து முடிச்சாச்சாம்மா?” என்றார்.

“இல்ல. கதவு உடைஞ்சு ரூம் ஆறிப்போச்சு. கொஞ்சம் உக்காருங்க, மறுபடி மொதல்ல இருந்து போடணும்” என்றேன்.

“போடும்மா” என்றபடி அவர் உட்கார்ந்தார்.