அக்காள் கட்டிய சிவப்பு ஈ

அன்று ஆற்றங்கரையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் அக்காளின் கணவர், ஜப்பானிய அதிகாரி, இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நான். காரை விட்டு நகராத சிப்பாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. அக்காள் அங்கே இல்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் ஓலை வேய்ந்த எங்கள் அத்தாப்பு வீட்டில், அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அன்று மீனைப் பிடித்தது அவள்தான் என்று நான் சொல்வேன். அத்தான் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. எனக்குச் சாட்சி, அவர்கள் வீட்டு முருகன் படச் சட்டத்தில் குத்தி வைத்திருக்கும் ஒரு தூண்டில் முள். அதைச் சுற்றிச் சிவப்புப் பட்டு நூல், நூலின்மேல் ஜரிகை, கழுத்தில் சேவல் இறகு. புதிதாக வருகிறவர்கள் அதைக் காதணி என்று நினைத்து, ஜோடி எங்கே என்று கேட்பார்கள். “ஜப்பான்காரன் கொண்டு போயிட்டான்” என்பாள் அக்காள். அது உண்மைதான்.

அத்தான் சண்டைக்கு முன்பு ஒரு தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டினார். துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அவருடைய நாட்டில் பனி உருகி வசந்தம் வந்ததும், மலை ஆற்று மீன்கள் ஈ பிடிக்கத் துள்ளுமாம். அப்போது இறகால் செய்த பொய் ஈயை நீர்மேல் போட்டுப் பிடிப்பார்களாம். மலாக்காவில் வசந்தம் ஏது? ஆனால் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செந்தளிர் விடுகிற மாசி, பங்குனிதான் தனக்கு வசந்தம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். மழை நின்று ஆறு தெளிந்திருக்கும் காலம் அது. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் ஜாசினைத் தாண்டி லேடாங் மலையடிவாரத்துக்கு அத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போவார். காரை நிழலில் நிறுத்துவதும், துரை திரும்பும்வரை தூங்குவதும் அத்தானின் வேலை. வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது மட்டும் அந்தத் தூக்கம் காணாமல் போய்விடும். மீன் இவ்வளவு, ஈ இவ்வளவு என்று இரண்டு கைகளாலும் காட்டுவார். அக்காள் கீரை ஆய்ந்துகொண்டே, “தொர புடிச்சாரு, நீங்க தூங்குனீங்க. அதையும் சொல்லுங்க” என்பாள். அவர் கேட்காதது போலத் தொடர்வார்.

ஜப்பானியர் வந்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடினார். கார் ராணுவத்துக்குப் போனது. அத்தானுக்கு வேலை போய், மரவள்ளிக்கிழங்கு தின்று நாங்கள் நாட்களைத் தள்ளினோம். அந்தச் சமயத்தில் வேலையில்லாமல் இருப்பது பசியைவிடப் பெரிய ஆபத்தாகிவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தெங்கேராவில் அத்தானுக்குத் தெரிந்த இருவரைக் கடைவாசலிலிருந்தே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. லோரிச் சத்தம் கேட்டாலே அத்தான் பின்வாசல் வழியாக வாழைத்தோப்புக்குள் போய்விடுவார். அவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமலிருந்தால் சேவல் அறுப்பதாக அக்காள் முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டாள். எங்களுக்கு இருந்தது ஒரே சேவல்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாலை போடும் வேலை செய்தவர். அவரும் அக்காளும் வயிற்றைக் கட்டித்தான் என்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஜப்பானியர் வந்தபின் அவர்கள் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கீழ்நிலைக் கிராணியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். துரையின் கார் எங்கள் அதிகாரியிடம்தான் வந்து சேர்ந்தது. ஒருநாள் அதன் பின்பெட்டியில் துணியுறை போட்ட தூண்டில் கழி ஒன்றை அவர் கண்டெடுத்தார். பழைய டிரைவர் யார் என்று விசாரித்து, அத்தானைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

அதிகாரி குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். கழியின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, நுனியை ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்து மீன் பிடித்தது யார் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். துரை என்று ஒரு வார்த்தையில் அத்தான் முடித்திருக்கலாம். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தொர பாதி, நான் பாதி. பாக்கப்போனா நான்தான் ஜாஸ்தி” என்றார். நான் அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன், அந்த ஜாஸ்தியையும் சேர்த்து. அதிகாரியின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். தான் மலைநாட்டுக்காரன் என்றும், வசந்தத்தில் பனிநீர் இறங்கும் ஓடைகளில் இறகுத் தூண்டில் போட்டு வளர்ந்தவன் என்றும் சொன்னார். துரையின் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த பொய் ஈக்களின் இறகையெல்லாம் பூச்சி தின்றுவிட்டிருந்தது. வெறும் முட்கள்தான் மிச்சம். அவற்றில் இரண்டை அத்தானின் கையில் போட்டார். புதிதாக ஈ கட்டிக்கொண்டு வா, விடுமுறையன்று மலைக்குப் போவோம், மீன் பிடித்தால் இந்தக் காரை நீயே ஓட்டலாம் என்றார். பிடிக்காவிட்டால் என்று அத்தான் கேட்கவில்லை. அதிகாரியே, “சயாம்” என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அக்காள் விஷயம் முழுவதையும் கேட்டாள். பிறகு கணவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“நீயாவது மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதாடா?”

“அவர் சொன்னதைத்தானே அக்கா சொன்னேன்.”

“அதுக்காடா ஒன்னப் படிக்க வச்சோம்?”

அதற்குமேல் அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. முட்களை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, துரையின் ஈ எவ்வளவு பெரிது என்று அத்தானிடம் கேட்டாள். அவர் ஒருநாளும் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பதை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். கதை சொல்லும் பழக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு நெல்லிக்காய் அளவைக் காட்டினார். என்ன நிறம் என்றதற்கு, “செவப்பு. தகதகன்னு இருக்கும்” என்றார். உண்மையில் துரையின் ஈ ஒரு கொசுவைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும். ஊரில் அப்போது நூல் கிடையாது. சாக்கை உடுத்தித் திரிந்தவர்கள் உண்டு. அக்காள் துணிப் பெட்டியைத் திறந்து, விற்காமல் வைத்திருந்த ஒரே துணியான தன் கூறைச் சேலையை எடுத்தாள். உள்முனையில் ஒரு சாண் துணி அளந்து கத்தரித்து, பட்டு இழையையும் ஜரிகையையும் தனித்தனியாக உருவினாள். இலவம் பஞ்சை உருட்டி இரண்டு முட்களிலும் வைத்து, அதன்மேல் அத்தான் காட்டிய அளவு வரும்வரை சுற்றினாள்.

இறகுக்குத்தான் தயங்கினாள். சாமிக்கு நேர்ந்த சேவலை ஊனமில்லாமல் கொடுக்க வேண்டும். சேவலை மடியில் இடுக்கிக்கொண்டு, முனியாண்டி கோயில் இருந்த திசையைப் பார்த்து, “முடிதான் எடுக்கறேன் சாமி. உசுரு ஒனக்குத்தான்” என்றாள். பிறகு அதன் கழுத்திலிருந்து இறகுகளைப் பிடுங்கினாள். சேவல் போட்ட கூச்சலில் பக்கத்தில், தமிழ் மறந்து மலாய் பேசும் சிட்டிகளின் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். மறுநாள் முதல் அத்தான் வீட்டுக்குப் பின்னால் தூண்டில் வீசிப் பழகினார். துரையின் கழிக்குப் பதில் ஒரு மூங்கில் குச்சி. முதல் வீச்சிலேயே சிட்டி வீட்டுக் கொடியில் காய்ந்த சாரோங் மாட்டிக்கொண்டது. கொடியில் என்ன மீன் ஓடுகிறது என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார். அத்தான் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

ஆற்றுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் மரங்களைத் தாண்டி இறங்கவில்லை. வழிநெடுக ரப்பர் மரங்கள் செந்தளிர் விட்டிருந்தன. பாறைகளுக்கு நடுவே வந்த தண்ணீர், அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம்போலத் தெளிவாக இருந்தது. அதிகாரி முதலில் இறங்கினார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, நூல் சுற்றும் உருளை எதுவும் இல்லாத ஒரு நீண்ட மூங்கில் கழியை எடுத்தார். அவர் வீசியதைப் போல அழகாக ஒன்றை நான் அந்தப் பசிக்காலத்தில் பார்த்ததே இல்லை. அவர் கட்டிய சிறிய ஈ, உதிர்ந்த இலை போல ஓசையில்லாமல் நீரில் அமரும். ஒரு நொடி மிதக்கும். மீண்டும் எழும்பும். ஆனால் ஒரு மீனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. அவர் கரையேறி ஒரு பாறையில் அமர்ந்து, துரையின் கழியை அத்தானிடம் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்.

அத்தான் சிகரெட் டப்பாவிலிருந்து அக்காள் கட்டியவற்றில் ஒன்றை எடுத்தார். அதிகாரி அதை உள்ளங்கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, சத்தமாகச் சிரித்தார். இது என்ன பூச்சி என்று கேட்டார். “மலைப்பூச்சின்னு சொல்லு மச்சான்” என்றார் அத்தான். சொன்னேன். முதல் வீச்சில் முள் அத்தானின் தொப்பியிலேயே மாட்டியது. அடுத்தது தண்ணீரில் செருப்பால் அடித்ததுபோல விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அதிகாரியின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். இன்னும் ஒருமுறை, அதோடு போதும் என்றார். அத்தானின் முதுகில் சட்டை முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆற்றின் மறுபக்கம் பார்த்தேன். அங்கே மடுவின் மேல் ஒரு காட்டு அத்தி மரம் சாய்ந்திருந்தது. அடிமரமெல்லாம் பழம். சிவந்த பழம் ஒன்று தொப்பென்று நீரில் விழுந்தது. கீழே பொன்னிறமாக ஏதோ ஒன்று புரண்டது. பழத்தைக் காணோம். இன்னொன்று விழுந்தது. அதையும் காணோம். அந்தப் பழத்தின் அளவையும் நிறத்தையும் நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தபோது, அது அத்தானின் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

“அத்தான், நான் சொல்றதக் கேட்டுத் தலையாட்டாதீங்க. எதிர்ப்பக்கம் செவப்புப் பழம் விழுதே, அங்க போடுங்க. மெதுவா வேணாம். கல்லு எறியற மாதிரி போடுங்க.”

என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். இதுதான் கடைசி முறை என்று சொன்னேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் மாற்றிச் சொன்ன முதல் மொழிபெயர்ப்பு அது. மெதுவாக வீச அத்தானுக்கு வராது. கல்லெறிய வரும். கையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி எறிந்தார். அக்காளின் கூறைச் சேலை அத்தி மரத்தடியில் தொப்பென்று விழுந்தது. மிதக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நீர் வெடித்தது. கழி வில்லாக வளைந்தது. உருளை கிறீச்சிட்டுக்கொண்டு நூலை விட்டது.

“டேய் மச்சான், இழுக்குதுடா. என்னடா செய்யணும்?”

“என்ன சொல்கிறான்?” என்றார் அதிகாரி.

“இந்த மலை மீனுக்கு ஈயைவிடப் பழம்தான் பிடிக்கும் என்கிறார்” என்றேன்.

அதிகாரி அத்தி மரத்தைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு பூட்ஸோடு தண்ணீரில் குதித்துவிட்டார். நூலை விடு, இப்போது சுற்று, கழியை உயர்த்து என்று அவர் கத்தக் கத்த, நான் தமிழில் கத்தினேன். அத்தான் அப்படியே செய்தார். அந்தக் கொஞ்ச நேரம் யார் பிடித்தவர், யார் பிடிபட்டவர் என்பதெல்லாம் எங்கள் மூவருக்கும் மறந்து போயிருந்தது. கடைசியில் அதிகாரி இரண்டு கைகளாலும் மீனை அள்ளிக் கரையில் போட்டார். கெலா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மீன். ஒவ்வொரு செதிலும் பொன் தகடு போல மின்னியது. அத்தானின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தது. இந்த ஒரு மீனுக்கு அவர் கையால் அளவைக் கூட்டிக் காட்ட வேண்டியதே இல்லை.

அதிகாரி மீனைத் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வாயிலிருந்த சிவப்பு ஈயை மெல்லக் கழற்றி, ஆற்றில் அலசி, தன் தொப்பியில் குத்திக்கொண்டார். மீனை நீங்கள் கொண்டுபோங்கள் என்றார். பிறகு கார்ச் சாவியை அத்தானிடம் கொடுத்துவிட்டு, பின் இருக்கையில் போய் அமர்ந்தார்.

பண்டார் ஹிலிரில் அதிகாரியையும் சிப்பாயையும் இறக்கிவிட்டுக் காஜா பேராங் திரும்பினோம். கார்ச் சத்தம் கேட்டதுமே அக்காள் வாசலுக்கு வந்துவிட்டாள். வருவது யாரோ, என்ன செய்தியோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஓட்டுகிற இடத்தில் அத்தானைக் கண்டாள். அவர் இறங்கி மீனைத் தூக்கிக் காட்டினார். அவள் மீனைப் பார்த்தாள், அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

“இன்னைக்கித் தூங்கலயா?” என்றாள். அவ்வளவு சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

மீனில் பாதி அன்று அக்கம்பக்கத்துக் கம்பத்து வீடுகளுக்குப் போனது. சிட்டி வீட்டு அம்மாள் தன் பங்கைப் புளியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சி, எங்களுக்கே ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுத்தார். கழுத்து மொட்டையான சேவலை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி முகம் சுளித்தார். “சாமிக்குத் தெரியும்” என்று சொல்லி அக்காள் சேவலை அறுக்கக் கொடுத்தாள். ஜப்பானியர் போகும்வரை அத்தான்தான் அந்தக் காரை ஓட்டினார். தெங்கேராவில் லோரி ஏறியவர்களில் ஒருவர் திரும்பவே இல்லை.

இப்போது அத்தான் மலாக்காவிலிருந்து ஜாசினுக்குப் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். போன தை மாதம் என் கல்யாணத்துக்கு அக்காள் அந்தக் கூறைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். குறைந்துபோன உள்முனையை உள்ளே செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. பந்தி முடிந்ததும் பெண் வீட்டாரைத் தன் வீட்டில் உட்கார வைத்து அத்தான் கதையை ஆரம்பித்தார். மீன் இப்போது அவருடைய தோள்வரை வளர்ந்திருந்தது. யாரோ ஒருவர் முருகன் படத்தில் குத்தியிருந்த ஈயைப் பார்த்துவிட்டு, பட்டும் ஜரிகையுமாக இதைக் கட்ட உங்களுக்கு நிறையச் செலவாகியிருக்குமே என்று கேட்டார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காள் தலை நிமிரவில்லை.

“என்ன பெரிய செலவு? ஒரு சேவலு, ஒரு சாண் சேல. இவரு வெல அவ்ளோதான்.”