நின்றுபோனவர்களைத் தேடிப் போன ஜெரினா

ஒரு நோயாளியின் தோளை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முத்துப்பேட்டையிலிருந்து போன் வந்தது. பேசியது ஜெரினாவின் தம்பி.

"அக்கா மவுத்தாயிட்டாங்க. வேலைக்குப் போற வழியில வண்டி மோதிடுச்சாம். துபாய்லயே அடக்கம் பண்ணிட்டோம்னு மச்சான் சொல்றாரு."

தொண்ணூறுகளின் கடைசியில் தஞ்சாவூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரியில் ஜெரினாவும் நானும் பிசியோதெரபி படித்தோம். கால் பிடித்துவிடுவதற்கு ஒரு படிப்பா என்று ஊரில் கேட்பார்கள். எங்களில் பலருக்கு அது விசா வாங்கித் தரும் படிப்பு, அவ்வளவுதான். ஜெரினா மாணவர் சங்கச் செயலாளர் ஆனதும் ஆண்டு விழாவை நிறுத்திவிட்டு ஒரத்தநாட்டில் முகாம் நடத்தினார். முணுமுணுத்துக்கொண்டே போனோம். போலியோவில் சூம்பிய கால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், அடுத்த முகாம் எப்போது என்று நாங்களே கேட்டோம்.

இறுதியாண்டு ஆய்வை இருவரும் சேர்ந்து எடுத்தோம். பாபநாசம் பக்கத்தில் நடவுக்குப் போகும் பெண்களின் இடுப்புவலி பயிற்சிகளால் குறைகிறதா என்பது கேள்வி. கடைசிவரை வந்தவர்களுக்குக் குறைந்தது. ஆனால் பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

"நின்னவங்க பேரை எடுத்துட்டு எழுதுங்க, மாநாட்டுல பரிசே கிடைக்கும்" என்றார் எங்கள் வழிகாட்டி. நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் ஜெரினா கேட்டார்: "வலி கூடுனதாலதான் நின்னாங்களோ என்னவோ. கேக்காம எப்படிடி எடுக்கிறது?"

டவுன் பஸ்ஸில் ஏறி வீடு வீடாகப் போனார். ஒருநாள் நானும் போனேன். மாரியாயி என்ற பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"குனிஞ்சாத்தான் கூலி. நீங்க குனியாதீங்கன்னு சொல்றீங்க. அப்புறம் எங்க வர்றது?"

ஜெரினா அவரைப் பிடித்து உட்காரவைத்தார். "எங்க மேலதாங்க தப்பு" என்றார்.

வலி மிகுந்தவர்களுக்கு எங்கள் பயிற்சி பயன்படவில்லை என்று அப்படியே எழுதினார். நான் என் பெயரை எடுத்துவிடச் சொல்லி, வேறொரு ஆய்வுக்கு மாறிக்கொண்டேன். "சரிடி, உனக்கு எது சரியோ செய்" என்றார். குரலில் கோபம் இல்லை. மாநாட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று அதை வாசித்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பரிசு கிடைக்கவில்லை. முடிந்ததும் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிவு வரவில்லை.

விசாவுக்காகப் படித்த நான் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டேன். அவர் திருமணமாகித் துபாய் போனார். அங்கே மருத்துவமனை வேலை. ஒவ்வொரு விடுமுறையிலும் வந்து ஊரில் முகாம் நடத்துவார். போனில் பேசும்போதெல்லாம், "அந்தப் பொம்பளைங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு ஒரு தடவை பாத்து எழுதேன்டி" என்பார். பாபநாசம் ஒரு மணி நேரப் பயணம்தான். நான் போகவேயில்லை.

நேற்று முத்துப்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். இறப்பதற்கு முன் அவர் அனுப்பிய கார்கோ பெட்டி அன்றுதான் வந்திருந்தது. பேரீச்சம்பழத்துக்கும் சோப்புக்கும் அடியில் ஒரு பை நிறையக் கறுப்பு ரப்பர் மூடிகள்.

அவருடைய அம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"முகாமுக்கு வர்றவங்க ஊன்றுகோல் அடியில மாட்டுறதும்மா. வழுக்காம இருக்கும்."

அவர் அதை முந்தானையால் துடைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாயில் வரிசையாக வைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு பிடி மண் போடக்கூட எட்டாத தூரத்தில் இருக்கிறாய், ஜெரினா. இங்கிருந்தே விடைகொடுக்கிறேன்.