புஷ்பம் சிஸ்டர் சொன்னதன் மறுபாதி

புஷ்பம் சிஸ்டர் இறந்த செய்தி எந்தக் குரூப்பில் வரக் கூடாதோ அந்தக் குரூப்பில்தான் எனக்கு வந்தது. என் மகள் சிறுவயதில் படித்த நர்சரிப் பள்ளியின் பெற்றோர் வாட்ஸப் குரூப் அது. பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு பள்ளிகளுக்குப் போன பிறகும் யாரும் வெளியேறவில்லை என்பதால் இன்னும் இருக்கிறது. கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டரின் படம் வந்தது. சுற்றிலும் ரோஜாப் பூக்கள், கீழே எரியும் மெழுகுவத்தி, 'நம் குழந்தைகளின் காவல் தெய்வம் மறைந்தது' என்று ஒரு வரி. அனுப்பியவர் குரூப்பின் அட்மின். அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தோடுதான் எழுதப்படுகிறது. சிஸ்டர் கோபப்படாதவர், இது அவருக்கு ஏற்ற அஞ்சலி இல்லை என்று அவரை அறிந்த உங்களில் சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புஷ்பம் சிஸ்டர் கிளியனூர்க்காரர். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த பெற்றோர் அவரை நர்சிங் படிக்க வைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தார். திண்டிவனத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் பல ஆண்டுகள் ஊசி போட்டார். இந்த ஊரில் இன்று கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பலருக்கு அவருடைய ஊசி விழுந்திருக்கிறது. ஊசி போட்டால் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார். யாராக இருந்தாலும் உட்கார வேண்டும். சாயங்காலம் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டு, "காய்ச்சல் இருக்குதா? பால் குடிச்சிச்சா?" என்று கேட்பார். எந்த டாக்டரும் அவரை இதைச் செய்யச் சொன்னதில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. நாற்பது வயதுக்கு மேல் பெற்ற ஒரே மகளுக்கு அப்போது மூன்று வயது. ஃப்ளூ ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்புகிற வழக்கம் இல்லை. போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே கிளினிக்குக்குப் போயிருந்தேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் எங்கள் குரூப்பின் அட்மின். ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவர். மகனுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுப் பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கடையில ஆளு இல்ல. ஜல்தியா வுடு, நான் போவணும்."

"இன்னும் இருவது நிமிஷம் இருக்குது சார்."

"நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார். இந்தக் கொழந்தைக்கு அப்பா. அதான் ஒக்காரச் சொல்றேன்."

பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முகம் சிறுத்துப் போய் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. இந்த ஊசி கட்டாயமா என்று கேட்டேன்.

"கட்டாயம் இல்லீங்க மேடம். கவர்மெண்ட்ல போடற ஊசி இல்ல இது. டாக்டரு போடச் சொல்லுவாரு. முடிவு உங்களுதுதான்."

"போட்டா என்னென்ன வரும்?"

சிஸ்டர் ஊசித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை இங்கே முழுதாகத் தருகிறேன். முழுதாகத் தருவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

"மொதல்ல கெட்டத சொல்லிட்றேன் மேடம். போட்ட எடம் செவந்து வீங்கும். காய்ச்சல் வரலாம். நைநைன்னு அழுதுக்கினே இருக்கும், சாப்புடாது. எங்கியோ ஒரு புள்ளைக்கி காய்ச்சல் ஏறி பிட்ஸ் வரும். எங்கியோ ஒண்ணுக்கு ஒடம்பு ஒத்துக்காம மூஞ்சி வீங்கி மூச்சு தெணறும். அதுக்குத்தான் அரை மணி நேரம் இங்கியே ஒக்கார வெச்சிக்கினு இருக்கேன். அதுக்கு மருந்து தோ, என் மேஜையிலயே இருக்குது. இப்ப நல்லத கேளுங்க. முக்காவாசிப் புள்ளைங்களுக்கு ரெண்டு நாள்ல எல்லாம் சரியாப் பூடும். ஃப்ளூ வந்தா ரெண்டு நாள்ல போவாது. சின்னப் புள்ளைங்களுக்கு நெஞ்சுல எறங்கிச்சின்னா ஆஸ்பத்திரிதான். ஊசி போட்டா ஃப்ளூவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தாலும் அந்த அளவுக்குப் போவ வுடாம தடுக்கும். அதுக்குத்தான் போடறது."

எத்தனை பேரில் ஒருவருக்கு அப்படி மூச்சுத் திணறும் என்று கேட்டேன்.

"அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, உள்ள டாக்டர கேளுங்க. நான் அடிச்சி வுட்டா நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க. மூஞ்சப் பாத்தாலே தெரியுதே, வாத்தியாரம்மான்னு."

டாக்டரைக் கேட்டேன். பிறகு போட்டுக்கொண்டோம். என்னை ஒப்புக்கொள்ள வைத்தது டாக்டர் சொன்ன எண்கள் அல்ல. ஒரு மருந்தைப் போடுகிறவரே அதன் கெடுதலை முதலில் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மூன்றாம் நாள் சிஸ்டரின் குரல் குரூப்பில் வந்தது; அட்மின் அன்று மடியில் வைத்திருந்த போன் பதிவு செய்தது. 'ஊசி போடும் நர்ஸே உண்மையைச் சொல்கிறார், பெற்றோர்களே உஷார்' என்று அட்மின் மேலே எழுதியிருந்தார். "போட்ட எடம் செவந்து வீங்கும்" என்று தொடங்கி, "மூச்சு தெணறும்" என்ற இடத்தில் ஆடியோ நின்றுவிட்டது. கெட்டதை முதலில் சொல்லும் அவருடைய பழக்கம் வெட்டுகிறவருக்கு வசதியாகப் போயிற்று. முகம் தெரியாத யாரோ பேசியிருந்தால் இந்த ஊரில் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இது எல்லாருக்கும் பழகிய குரல். சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்கிற குரல். அதனால் நம்பினார்கள். மயிலம், கூட்டேரிப்பட்டு என்று பள்ளிக்குப் பள்ளி போயிற்று.

மீதிப் பாதியைக் கேட்டவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்டவளும் நான். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, 'இது பாதிதான், நான் அங்கே இருந்தேன்' என்று ஒரு வரி எழுதினேன். ஒரு நிமிடத்தில் அட்மின் அதை நீக்கினார். 'குரூப்பில் பிரச்சினை வேண்டாம் மேடம்' என்று தனியாகச் செய்தி அனுப்பினார். நான் விட்டுவிட்டேன். பொது இடத்தில் சண்டை போட்டுப் பழக்கமில்லாதவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் டாக்டர் சிஸ்டரை வேலையை விட்டு நிறுத்தினார். "இதெல்லாம் விலாவாரியா பேசச் சொல்லி உன்ன யாரு கேட்டது?" என்றாராம். அவரை நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொல்லவில்லை.

சிஸ்டருக்கு விழுப்புரத்தில் இன்னொரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. கிளியனூரிலிருந்து திண்டிவனம், அங்கே மாறி விழுப்புரம் என்று தினமும் இரண்டு பஸ். முதல் முறை போடும் சின்னக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் கழித்து ஃப்ளூ ஊசியின் இரண்டாவது டோஸ் உண்டு. அந்த நாள் வந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தொப்பியும் முகமூடியும் போட்ட ஒருவர் மகனோடு உள்ளே வந்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களே போதும், அட்மின்தான். என் மகளும் அவர் மகனும் ஒரே நாளில் முதல் ஊசி போட்டவர்கள். இரண்டாவதும் ஒரே நாளில்தானே வரும்?

சிஸ்டர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தார், பையனைச் சிரிக்க வைத்தார், ஊசியைப் போட்டார். பிறகு சொன்னார்:

"ஒக்காருங்க சார். அரை மணி நேரம்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, "மேடம், இத குரூப்ல போட்டுடாதீங்க" என்றார்.

"ஏன்? கெட்ட ஊசின்னு நீங்கதானே ஊரெல்லாம் அனுப்பினீங்க?"

"நான் எங்க கெட்டதுன்னு சொன்னேன்? அவங்க பேசுனதத்தான் போட்டேன். ஜனங்க உஷாரா இருக்கட்டுமேன்னு."

"அப்ப நீங்க ஏன் உஷாரா இல்ல?"

"பையனுக்கு வீசிங் மேடம். போட்டே ஆவணும்னுட்டாங்க. அவனுக்கு இவங்க கைதான் பழக்கம். வேற யாராச்சும் போட்டா கத்தி ஊரக் கூட்டிடுவான்."

கூசாமல் சொன்னார். நான் போனை எடுத்தேன். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதை ஒரு படம் எடுத்தால் போதும். சிஸ்டர் என் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"போன உள்ள வைங்க மேடம். இன்னிக்கி நீங்க அசிங்கப்படுத்துனா, அடுத்த வருஷம் வெக்கப்பட்டுக்கினு அந்தப் புள்ளய கூட்டியார மாட்டாரு. அதுக்கு நெஞ்சு சரியில்ல. அவரு எப்படியோ போவட்டும், அந்தப் புள்ள வரணும்."

"அப்ப உங்க பேரு?"

"அது கெடக்குது வுடுங்க. யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

அந்த வாக்கு எவ்வளவு கனம் என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி, மகளுக்கு ஊசி போட நாள் குறித்திருந்து, ஆடியோவைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிட்டவள். குழந்தைக்கு ஃப்ளூ வந்து நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். போட்டிருந்தால் வந்திருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போடுவதா வேண்டாமா என்று அவள் முடிவெடுத்தது பாதிப் பேச்சை வைத்து. வெட்டியவரோ மீதிப் பாதியையும் நம்பி விழுப்புரம் வரை போய் வந்தவர்.

சிஸ்டரும் நானும் பார்க்கப் போனோம். செல்வி எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, மூச்சு தெணறும்னு? ஊசி போடாமலே தெணறுது, பாருங்க."

"ஆமா செல்வி. நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"புள்ள ஆக்சிஜன்ல கெடக்குது. இப்பப் போயி என் நாயத்த பேசிக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. செல்வி சிஸ்டரோடு அதன் பிறகு பேசவே இல்லை. அட்மின், மகனுக்கு ஐந்து வயது முடியும்வரை ஆண்டுதோறும் விழுப்புரத்துக்கு அழைத்து வந்ததாகச் சிஸ்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது.

அடக்கத்துக்குக் கிளியனூர் போனேன். புதுச்சேரி சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். ஒரு வட்டத்துக்குள் சிஸ்டரின் முகம் சிறியதாக. அதைவிடப் பெரிதாக, கைகூப்பி நிற்கும் அட்மின். அடியில் அவருடைய கடையின் பெயர். கல்லறைத் தோட்டத்தில் மாலையை வைத்துவிட்டு அவரே என்னிடம் வந்தார்.

"பேனரு பாத்தீங்களா மேடம்? நம்ம கடை சார்பா."

"பாத்தேன். உங்க படம் நல்லா வந்திருக்கு. அன்னிக்கு நீங்க போட்ட ஆடியோ பாதிதான்னு குரூப்ல எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க."

"சாவுக்கு வந்த எடத்துல என்னா மேடம் பேஜாரு? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"எனக்கு இருக்கு."

"சிஸ்டரே என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. அவங்க இருந்தா உங்கள இப்படிப் பேச வுட மாட்டாங்க."

"விட மாட்டாங்கதான். அவங்க இல்லையே."

அவருக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்தேன், நன்றாகப் புரிந்தது.

சிஸ்டர் என்னிடம் வாக்கு வாங்கியது அந்தப் பிள்ளைக்காக. பிள்ளை வளர்ந்துவிட்டான், நலமாக இருக்கிறான். இனி யாரும் வெட்கப்பட்டு நிறுத்த ஒன்றுமில்லை. அன்று மாலையே குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். அட்மின் அதை நீக்கினார், கூடவே என்னையும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அச்சில் வந்ததை எந்த அட்மினாலும் நீக்க முடியாது. அவர் பெயரை நான் எழுதவில்லை. பேனரில் அவரே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லட்டும்.

செல்வியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆறு வருஷமா எதுத்தாப்லதான இருக்கீங்க. ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

சிஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது. வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு நான்கு வாரம் இருந்தது. குரூப்பில் எழுதிய அந்த ஒரு வரியைத் தவிர, நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஆக்சிஜன் வெச்சிருக்கற ரூம்ல வெச்சி அவங்கள கேட்டுட்டேனே" என்றாள் செல்வி. அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அதற்கு நான் தகுதியானவள்தான்.

புஷ்பம் சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பயந்து கேட்கிறவளுக்கு, கெட்டதையும் நல்லதையும் ஒன்று விடாமல் சொல்லி, முடிவை அவளிடமே விட்டுவிடுவது. கல்லூரியில் என் துறையில் இருக்கும் இளம் தாய்மார்கள் ஊசி பற்றிக் கேட்கிறார்கள், அப்படித்தான் சொல்கிறேன். அவருடைய பொறுமையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமை இருந்ததால்தான் ஒரு மனிதர் ஆறு ஆண்டுகள் தலைநிமிர்ந்து கடை நடத்தினார்.