இருட்டில் அரைமணி நேரம்

அந்த அம்மாவின் மேல் எனக்குப் பல வருஷக் கடுப்பு உண்டு. அவர் ஆராய்ச்சி செய்த ஆய்வுக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறவன் நான். எப்போது அவர் அறைக் கதவைத் தள்ளினாலும் உள்ளே கும்மிருட்டு. "யாருப்பா அது? வெளிச்சம் வருது, சாத்து!" என்று எரிந்து விழுவார்.

உப்பளத்துத் தண்ணீரில் வாழும் கிருமிகளை வளர்த்து, அவற்றின் ரோஜா நிறச் சாயத்தைப் பிரிப்பதுதான் அவர் வேலை. உடம்பு சீக்கிரம் கெட்டுப்போகாமல் காக்கிற சக்தி அதில் இருக்கிறதா என்று தேடினார். ஊதா மருந்தில் சாயத்தை விட்டு அரைமணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். ஊதா மஞ்சளானால் சாயத்துக்குச் சக்தி உண்டு. வெளிச்சம் பட்டால் மருந்தே கெட்டுவிடும். அவரும் கூடவே இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

"அலமாரிக்குள்ள வெச்சுட்டு வெளிய வரலாமேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளிய எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

அதுவரை எந்தச் சாயமும் ஊதாவை முழுசாக மாற்றியதில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் கடைசியாக ஒரு குப்பிச் சாயம் மட்டும் சோதிக்க மிச்சமிருந்தது.

"தம்பி, உள்ள வா. கதவைச் சாத்திட்டு உட்காரு."

"இத்தனை வருஷம் துரத்திட்டு, இன்னைக்கு மரியாதை பலமா இருக்கே?"

"வாயை மூடிட்டு உட்காருப்பா."

அரைமணி கழித்து விளக்கைப் போட்டார். குப்பியைப் பார்க்கப் பயந்து என் முகத்தையே பார்த்தார்.

"என்ன நிறம்?"

"மஞ்சள்மா. நல்ல மஞ்சள்."

"இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றார்.