குடா நடுவில் கழற்றிய ஹெல்மெட்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. மூதூர் இறங்குதுறையில் பகல் லோஞ்ச் படகு புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. நான் அப்போது கட்டைபறிச்சான் பக்கத்துக் கிராமங்களுக்கு மருத்துவமாது. கிழமை முழுவதும் சைக்கிளில் திரிந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும்தான் வேலை. சனிக்கிழமை எந்தப் பிள்ளையும் பிறக்க அவசரப்படாவிட்டால், கொட்டியாரக் குடாவைத் தாண்டி, டவுனை ஒட்டிய அன்புவழிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். அன்று வீட்டில் கணவாய்க் கறி என்று தெரியும். உண்மையைச் சொன்னால், என் நினைப்பெல்லாம் அதிலேதான் இருந்தது.

சிறுபோக அறுவடை முடிந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் தார் வீதிதான் எல்லோருக்கும் பொதுவான களம். அவித்த நெல்லை வீதியின் ஒரு பாதியில் பரப்பிக் காயவைப்பார்கள். வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். பிறகு நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல்லை மறந்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, எங்கள் மாமா வீட்டு நெல்லும் அப்படித்தான் காய்ந்தது. எங்களுக்கெல்லாம் அந்தக் கற்களை விலக்கி ஓடிப் பழக்கம். வெளியூர்க்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்த வெளியூர்க்காரர் புதிதாக மாற்றலாகி வந்த விவசாயப் போதனாசிரியர். முப்பது வயதுகூட இராது. வெளிநாட்டில் இருந்த அண்ணன் அனுப்பிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார். நாடியையும் சேர்த்து முகம் முழுவதையும் மூடுகிற பெரிய ஹெல்மெட் அது. அந்த நாளில் எங்கள் பக்கம் ஹெல்மெட் போடுகிறவர்களே அருமை. அவரைக் கண்டால் பொடியன்கள் "சட்டித்தலையர் வாறார்" என்று கத்துவார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இறங்குதுறைக்குத் திரும்புகிற இடத்தில் மோட்டார் சைக்கிள் ஒரு கல்லில் ஏறிய சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் வீதியில் மல்லாந்து கிடந்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் சனம் கூடிவிட்டது. எங்கள் சனம் இரக்கப்பட்டால் ஓடிவந்து எதையாவது செய்துதான் தீரும். ஒருவர் சோடாப் போத்தலோடு நின்றார். இன்னொருவர் கமக்கட்டில் கை கொடுத்து இருத்தப் பார்த்தார். தலைமாட்டில் குந்தி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றத் தொடங்கியிருந்தார் ஒரு கருவாட்டு வியாபாரி. ஐம்பது வயது, நல்ல உடம்பு, ஊருக்கெல்லாம் தெரிந்த மனுசன். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவரை நானா என்போம். அவருடைய கடைசி மகள் என் கையில் பிறந்தவள்.

"நானா, கையை எடுங்கோ! தொடாதீங்கோ!" என்று கத்தினேன்.

"மூச்சு முட்டிப் போகும் மிஸ்ஸி. இதைக் கழட்டி ஒரு மிடறு சோடா குடுப்பம்."

"சோடாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கழுத்து முறிஞ்சிருந்தால், நீங்கள் இழுக்கிற இழுவையோட ஆள் முடிஞ்சுது."

கூட்டத்தில் யாரோ, "பிள்ளைப்பேறு பாக்கிற மிஸ்ஸிக்குத் தலைக்காயத்தில என்ன வேலை?" என்று கேட்டார்கள். நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் கேட்டதில் பிழையும் இல்லை. கழுத்தில் அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஹெல்மெட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறக்கிற பிள்ளையின் தலை வெளியே வந்ததும் அவசரப்பட்டு இழுத்ததால் கை விளங்காமல் போன குழந்தை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

சுடுகிற தாரில் முழங்காலிட்டு, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்து அசையாமல் பிடித்தேன். முன்கண்ணாடியை மேலே தள்ளச் சொன்னேன். கண் மூடியிருந்தது, மூச்சு இருந்தது. "தம்பி, கைவிரலை ஒருக்கா மடக்குங்கோ" என்றேன். வலது கைவிரல் மெல்ல மடங்கியது. கால் பெருவிரலும் அசைந்தது. இந்த அசைவு டவுன் ஆஸ்பத்திரி மேசை வரைக்கும் போய்ச் சேரவேண்டும், அதற்கு முன்னால் ஹெல்மெட்டில் ஒருவரும் கை வைக்க விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

கழுத்தெலும்பை எக்ஸ்ரே பிடித்துப் பார்க்க டவுனுக்குத்தான் போகவேண்டும். வீதியால் சுற்றிப் போனால் ஆற்றுக்கு ஆறு மிதவையில் ஏறி இறங்கவேண்டும், குண்டும் குழியும் வேறு. லோஞ்ச் என்றால் ஒன்றரை மணி நேரம். லோஞ்சுக்கு மூட்டை ஏற்றுகிற நீளப் பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு ஆண்களை இரண்டு பக்கமும் நிற்பாட்டி, நான் சொன்ன பிறகு எல்லோரும் ஒன்றாகத் தூக்கவேண்டும், முந்துகிறவருக்கு என்னிடம் ஏச்சு விழும் என்றேன். சிரித்தவர்களும் வந்து தூக்கினார்கள். ஆண்கள் உடுக்கிற சாரங்களைக் கொண்டு உடம்பைப் பலகையோடு கட்டினோம். ஹெல்மெட் புரளாமல் இரண்டு பக்கமும் அரிசிப் பைகளை அணைகொடுத்தோம். லோஞ்ச் எங்களுக்காகக் காத்து நின்றது.

குடாவில் கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியிருந்தது. நான் தலைமாட்டில் இருந்து, பிடித்த பிடியை விடவில்லை. கருவாட்டு வியாபாரியும் தன் சாக்குகளோடு அதே லோஞ்சில்தான் வந்தார். என் ஏச்சில் முகம் வாடியிருந்தது. ஆனாலும் தள்ளிப் போய் இருக்காமல் பலகைக்குப் பக்கத்திலேயே குந்தினார்.

கரையை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் மெல்ல, "மிஸ்ஸி, இவர்ட மூச்சுச் சத்தம் மாறுது" என்றார்.

"நானா, உங்கட கதை போதும். பேசாமல் இருங்கோ. நான் பார்க்கிறன்தானே."

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஹெல்மெட் அசையாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே. எஞ்சின் சத்தத்தில் மூச்சு எனக்குக் கேட்கவில்லை, கேட்க நான் குனியவும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் இரண்டு தரம் ஏச்சு வாங்கியவர் மூன்றாம் தரம் ஏன் வாய் திறக்கவேண்டும்? ஆனால் திறந்தார்.

"ஏசினாலும் ஏசுங்க மிஸ்ஸி. தண்ணிக்குள்ள இரிந்து இழுக்கிற மாதிரி இழுக்கிறார். விரலப் பாருங்க."

பார்த்தேன். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. குனிந்து காதை வைத்தேன். களகள என்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை, பிறகு மறுபடியும் களகள.

பலகையோடு சேர்த்து அவரை ஒரு பக்கமாகச் சரித்தோம். நாடியை மூடிய பகுதிக்குக் கீழால் இரத்தம் வடிந்தது. ஒரு மூச்சு நன்றாக வந்தது, அடுத்தது மறுபடி அடைத்தது. உள்ளே விரலை விட்டு வாயைத் துடைக்கலாம் என்றால் அந்த நாடிப் பகுதி இடம் விடவில்லை. கழுத்தைக் காப்பாற்ற நான் காவல் காத்த அதே ஹெல்மெட் இப்போது மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றினால் கழுத்து போகலாம். கழற்றாவிட்டால் ஆள் நிச்சயமாகப் போய்விடுவார். நடுக்குடாவில் கேட்பதற்கு ஒரு டொக்டரும் இல்லை.

கழற்றுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு நாலு கை வேண்டும். கீழே கழுத்தைத் தாங்க இரண்டு, மேலே ஹெல்மெட்டை எடுக்க இரண்டு. கழுத்தை நான் யாரிடமும் கொடுக்கத் தயாராக இல்லை. அப்படியானால் ஹெல்மெட்டை எடுக்க உறுதியான, நடுங்காத கை வேண்டும்.

"நானா, நீங்கள்தான் கழட்டவேணும்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு யாராவது என்றால் "இப்பவோ?" என்று கேட்டிருப்பார்கள். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு "பிஸ்மில்லாஹ்" என்று தலைமாட்டுக்கு வந்தார்.

லோஞ்ச் ஓட்டுகிறவரிடம் எஞ்சினை மெதுவாக்கி, அலையை நேர் முகமாக வாங்கிக்கொண்டு நிற்கச் சொன்னேன். பலகையை மறுபடி நேராக்கி, நாடிக்குக் கீழே இருந்த பட்டியைக் கயிறு வெட்டுகிற கத்தியால் அறுத்தோம். நான் பக்கவாட்டுக்கு வந்து, ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்தேன், மற்றக் கையால் தாடை எலும்பை இரண்டு பக்கமும் பிடித்தேன். இந்தப் பிடி எனக்குப் புதிதில்லை. இதுவரை சின்னத் தலைகளைத் தாங்கிய பிடி, அவ்வளவுதான்.

"இழுக்காதீங்கோ நானா. ரெண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல வரவிடுங்கோ."

அவர் அகட்டினார். கருவாட்டு மூட்டை தூக்கிக் காய்த்த அந்தக் கைகள் அவ்வளவு மென்மையாக வேலை செய்யும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மூக்கில் தடுத்தபோது நிறுத்தச் சொன்னேன். ஹெல்மெட்டைச் சற்றே பின்பக்கம் சரிக்கச் சொன்னேன், மூக்கு தப்பியது. காதில் தடுத்தது, இன்னும் அகட்டினார். ஓர் அலை வந்து லோஞ்சைத் தூக்கிப் போட்டது. அவர் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, அப்படியே நின்றார். அலை போனதும் கடைசி ஒரு விரற்கடையும் வந்து ஹெல்மெட் கழன்றது. தலையின் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. என் கை ஒரு நூலளவும் இறங்கவில்லை.

தாடையை முன்னால் தள்ளிப் பிடித்தேன். நானா துவாயால் வாய்க்குள் இருந்த இரத்தத்தைத் துடைத்தெடுத்தார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் இருமல், அதற்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு. பிறந்த பிள்ளை முதல் தரம் அழும்போது எனக்கு வருகிற அதே ஆறுதல் வந்தது. லோஞ்சில் இருந்த சனம் முழுக்க "அல்லாவே", "முருகா", "மாதாவே" என்று அவரவர் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னது.

மிச்சத் தூரம் முழுவதும் நான் தலையைத் தாங்கியபடி இருந்தேன். தோள்மூட்டு விறைத்து, கை என்னுடையதா என்றே தெரியவில்லை. மாறிப் பிடிக்கவா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஏலாது என்றுவிட்டேன். வாயில் இரத்தம் ஊற ஊற நானா துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வந்த டொக்டரின் முதல் கேள்வி, "ஹெல்மெட்டைக் கழற்றியது யார்?" என்பதுதான். கழுத்தெலும்பு ஒன்று வெடித்திருந்தது. நானா பொலிஸ் வரப்போகிறது என்ற பயத்தில் கதவோரம் ஒதுங்கினார். நான்தான் கழற்றச் சொன்னேன், எப்படி, ஏன் என்று முழுவதையும் சொன்னேன். டொக்டர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், உள்ளங்காலில் தன் திறப்புச் சாவியின் முனையால் கீறினார். கால்விரல்கள் ஐந்தும் சட்டென்று மடங்கின, நரம்பு தப்பியிருந்தது.

"கரையில் வைத்துக் கழற்றியிருந்தால் உங்களை ஏசியிருப்பேன். கடலில் கழற்றாமல் வந்திருந்தால் எனக்கு இங்கே வேலை இருந்திராது" என்றார் அவர்.

நானா கதவோரத்திலேயே குந்தி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது சந்தோசத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை. வீதியில் அவரை நான் தடுத்தது சரி. கடலில் அவர் வாயை நான் அடைத்தது பிழை. இரண்டும் ஒரே குரலில்தான் என் வாயிலிருந்து வந்தன, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த மனுசன் ரோசப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால், ஹெல்மெட் கொஞ்சமும் அசையாமல், என் கைக்குள்ளேயே அந்தத் தம்பி செத்திருப்பார்.

அதற்குப் பிறகும் பிரசவ அறைகளில் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன், அதட்டாமல் என் தொழில் நடக்காது. ஆனால் அதட்டி முடித்த கையோடு, என்னிடம் ஏச்சு வாங்கியவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாரா என்று அவர் முகத்தை ஒரு தரம் பார்க்காமல் இன்றுவரை நான் திரும்பியதில்லை.